மெத்தில்ஃபெனிடேட்டா, ஆம்ஃபெட்டமைனா? மணிக்கணக்கையும் பாருங்கள்

ஏ.டி.எச்.டி. என்ற கவனக்குறைவு, மிகைச்செயல்பாட்டுக் கோளாறுக்கு ஊக்கி மருந்து என்றதும் பலரும் கேட்பது, 'மெத்தில்ஃபெனிடேட், ஆம்ஃபெட்டமைன் இரண்டில் எது நல்லது?' என்றுதான். கேள்வி தப்பில்லை. ஆனால் அன்றாட வாழ்க்கையில் அதற்குச் சமமாக, பல நேரம் அதைவிட அதிகமாகவே உறைப்பது, மாத்திரை எத்தனை மணி நேரம் வேலை செய்கிறது என்பது.

முதலில் மருந்துகள். மூளை நரம்பணு, செய்தி கடத்தும் வேதிப்பொருளான டோபமினை வெளியே விட்டு, வேலை முடிந்ததும் திரும்ப உள்ளே இழுத்துக்கொள்ளும். அந்த வழியை மெத்தில்ஃபெனிடேட் அடைக்கிறது. நார்எபிநெஃப்ரின் என்ற இன்னொரு வேதிப்பொருளுக்கும் அதே கதைதான். ஆம்ஃபெட்டமைன் இன்னும் ஒரு படி போகிறது. அதே வழியாக உள்ளே புகுந்து, சேமிப்பில் இருக்கும் டோபமினையும் வெளியே தள்ளிவிடுகிறது. அதனால்தான் ஒன்றின் 20 மில்லிகிராமை மற்றதன் 20 மில்லிகிராமோடு ஒப்பிட முடியாது. மாற்றும்போது கணக்கை மருத்துவரிடம் விட்டுவிடுங்கள்.

2018-ல் 'லான்செட் சைக்கியாட்ரி' இதழில் வந்த பெரிய தொகுப்பாய்வு, பலனையும் தாங்கும் தன்மையையும் சேர்த்துப் பார்த்து, குறுகிய காலச் சிகிச்சைக்கு, சிறுவர்களுக்கு மெத்தில்ஃபெனிடேட், பெரியவர்களுக்கு ஆம்ஃபெட்டமைன் வகை என்று முதல் தேர்வைப் பிரித்தது. இது சராசரிக் கணக்கு. ஒன்று ஒத்துவராதவருக்கு மற்றது அழகாக ஒத்துப்போவதும் உண்டு.

இனி மணிக்கணக்கு. சாதாரண மெத்தில்ஃபெனிடேட் மாத்திரை 3 முதல் 4 மணி நேரம் நிற்கும். மதியம் இன்னொன்று போட வேண்டும். அதைத்தான் மறப்பார்கள், மறதிக்கும் சேர்த்துத்தானே மருந்தே! மருந்தின் வேலை முடியும் நேரத்தில் சிடுசிடுப்பும் அழுகையும் வரலாம்.

நீண்ட நேர வகைகளில் ஒன்று சுமார் 12 மணி நேரம் வரை ஓடும். அதன் ஓடு வழியாக நீர் உள்ளே ஊற, உள்ளிருக்கும் ஒரு அடுக்கு உப்பி, மருந்தைச் சிறு துளை வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே தள்ளும். கடைசியில் வெற்று ஓடு மலத்தோடு வந்துவிடும். 'மாத்திரை கரையவே இல்லை' என்று பதறாதீர்கள், மருந்து எப்போதோ உடம்பில் சேர்ந்திருக்கும். இதைக் கடித்தாலோ நொறுக்கினாலோ நாள் முழுவதற்குமான அளவு ஒரே நேரத்தில் இறங்கிவிடும்.

ஆம்ஃபெட்டமைன் வகையான லிஸ்டெக்ஸ்ஆம்ஃபெட்டமைன் வேறு வழியில் நீள்கிறது. லைசின் என்ற அமினோ அமிலம் ஒட்டியிருக்கும்வரை அது வேலை செய்யாது. ரத்தச் சிவப்பணுக்கள் பிரித்துவிட்ட பிறகே மருந்தாகிறது. போதைக்காகக் குறுக்குவழி தேடுபவருக்கு இது கொஞ்சம் முட்டுக்கட்டை. ஆனால் அளவுக்கு மீறி விழுங்கினால் ஆபத்து ஆபத்துதான்.

பள்ளிக்கோ வேலைக்கோ போகிறவர்களுக்கு நீண்ட நேர வகையையே நான் முன்னால் வைப்பேன். அதன் விலை, மதியப் பசி காணாமல் போவதும் தாமதமாகப் போட்டால் தூக்கம் கெடுவதும். காலைச் சாப்பாட்டை வயிறு நிறைய முடித்துவிட்டு மாத்திரை போடுவது நல்ல பழக்கம். இரவு தூக்கமே பெரிய சிக்கல் என்றால் குறுகிய நேர வகைக்கு அர்த்தம் இருக்கிறது.

எதை எடுத்தாலும் தொடங்கும் முன் ரத்த அழுத்தம், நாடித்துடிப்பு பார்க்க வேண்டும். குடும்பத்தில் இளம் வயதில் திடீர் இதய மரணம் இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். பிள்ளைகளுக்கு உயரமும் எடையும் அவ்வப்போது அளக்க வேண்டும். எம்ஏஓ தடுப்பான் என்ற மனச்சோர்வு மருந்து எடுத்தவர் அதை நிறுத்திக் குறைந்தது 14 நாள் ஆகியிருக்க வேண்டும். மூக்கடைப்புக்கான சூடோஎஃபெட்ரினும் அதிகக் காபியும் படபடப்பைக் கூட்டும். நெஞ்சு வலி, மயக்கம், இல்லாததைப் பார்ப்பது, கேட்பது என்றால் உடனே மருத்துவமனை. தேர்வுக்குப் படிக்கும் நண்பனுக்கு 'ஒன்றே ஒன்று' கொடுப்பதும் கூடாது. அவனுடைய இதயம் எப்படி இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்?

ஊக்கியே வேண்டாம் என்பவருக்கு அட்டமோக்செடின் உண்டு. பழக்கமாகிவிடும் பயம் இல்லை, ஆனால் முழுப் பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும்.

அப்புறம், காலை மாத்திரையை மறந்து மதியத்துக்கு மேல் ஞாபகம் வந்தால், நீண்ட நேர வகையை அன்றைக்கு விட்டுவிடுங்கள். மறுநாள் காலை வழக்கமான ஒன்று போதும், ஈடுகட்ட இரண்டாகப் போட வேண்டாம்.