முட்டுக்காட்டில் அம்மாவுக்குக் கிடைத்த திண்ணை

‘பாரம்பரியத் தீம் பார்க், படகுச் சவாரி, முதலைப் பண்ணை, மாமல்லபுரம். ஒரே நாள், வழிகாட்டியுடன்.’ அண்ணன் வாட்ஸ்அப்பில் அனுப்பிய விளம்பரத்தில் இவ்வளவுதான் இருந்தது. என் எட்டு வயது மகனின் காதில் விழுந்தது அதில் இரண்டே சொற்கள்: தீம் பார்க்.

மெல்போர்னில் பள்ளிக் கோடை விடுமுறை டிசம்பர் கடைசியில் தொடங்கி ஜனவரி முடியும்வரை போகும். அதனால் பொங்கலுக்கு ஊருக்கு வர முடிந்தது. நான்கு வருடத்துக்குப் பிறகு வந்த பயணம் இது. நாங்கள் நான்கு பேர், அண்ணன் குடும்பம் நான்கு பேர், அம்மா. ஒன்பது பேருக்கு இரண்டு கார் பிடிப்பதைவிட ஒரு குழுப் பயணத்தில் சேர்ந்துகொள்ளலாம் என்று அண்ணன் சொன்னார். வழிகாட்டி உண்டு என்பதால் நானும் சரி என்றேன். என் பிள்ளைகளுக்குத் தமிழ் புரியும். ஆனால் ஊரில் பார்க்கிற பொருளுக்கெல்லாம் கதை சொல்ல எனக்கே தெரியாது.

காலை ஏழரைக்கு அசோக் நகரில் ஏற்றிக்கொள்வதாகச் சொன்ன மினி பஸ் 8.50-க்குத்தான் வந்தது. போன் செய்தபோதெல்லாம் அலுவலகத்தில் ‘வந்துகிட்டே இருக்கு மேடம்’ என்றார்கள். அம்மாவுக்கு 74 வயது, இரண்டு முழங்காலிலும் வலி. டீக்கடை வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி வாங்கிப் போட்டு உட்கார வைத்தோம். வண்டி தாமதமாவதில் எனக்குக் கோபமில்லை, சென்னைச் சாலை எனக்குத் தெரியும். எட்டே முக்காலுக்குத்தான் வரும் என்று முதல் போனிலேயே சொல்லியிருந்தால் அம்மா வீட்டிலேயே இருந்திருப்பார். எங்களைப் போல வெளியூரிலிருந்து வந்து பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு போகிறவர்களுக்கு அந்த ஒரு உண்மையான பதில் ஏசி பஸ்ஸைவிடப் பெரிய வசதி.

வண்டியில் மொத்தம் 22 பேர். கோயம்புத்தூரிலிருந்து இரண்டு குடும்பங்கள், பினாங்கிலிருந்து வந்த ஒரு வயதான தம்பதி, நாங்கள். வழிகாட்டி கல்பாக்கம் பக்கத்துப் பெண், முப்பது வயதுக்குள்தான் இருக்கும். முந்தின நாள் மாலையே எங்களுக்குத் தனியாகச் செய்தி அனுப்பியிருந்தார்: ‘அக்கா, ஓசிஐ அட்டை இருந்தால் மறக்காம கையில் எடுத்துட்டு வாங்க. போட்டோ வேண்டாம், அட்டையே வேணும்.’ வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிய இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தருகிற அட்டை அது. எதற்குக் கேட்கிறார் என்று அப்போது புரியவில்லை.

உத்தண்டி சுங்கச்சாவடி தாண்டியதும் ஓட்டுநருக்கு அலுவலகத்திலிருந்து போன். நேரமாகிவிட்டதால் முதல் இடத்தில் 40 நிமிடம்தான் என்றார்கள். அந்தப் பெண் போனை வாங்கி, எல்லோருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டார். பிறகு எங்கள் பக்கம் திரும்பி, ‘நாலு இடத்தையும் ஓடி ஓடிப் பார்க்கலாம், இல்லன்னா ரெண்டு இடத்தை நின்னு பார்க்கலாம். உங்க காசு, உங்க நாள். நீங்களே சொல்லுங்க’ என்றார். கை தூக்கச் சொன்னார். படகும் முதலையும் வேண்டாம், விளம்பரத்தில் தீம் பார்க் என்று போட்டிருந்த தக்ஷிணசித்ராவும் மாமல்லபுரமும் போதும் என்று பெரும்பாலான கைகள் சொல்லின. விட்டுப்போகும் இடங்களின் நுழைவுக் கட்டணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று அலுவலகத்திடம் அங்கேயே, எங்கள் காது கேட்கவே ஒப்புதல் வாங்கினார். முதலை போய்விட்டதே என்று மகன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். ஞாயிற்றுக்கிழமை மாமா கூட்டிக்கொண்டு போவார் என்று சொல்லி வைத்தேன்.

முட்டுக்காட்டில் தக்ஷிணசித்ராவுக்குள் நுழையும் முன்பே, பக்கத்தில் இருக்கும் எம்ஜிஎம் டிஸி வேர்ல்டின் பலகையை அவன் பார்த்துவிட்டான். நிஜமான தீம் பார்க் அதுதான், நாம் ஏன் இங்கே இறங்குகிறோம் என்று கேட்டான். நியாயமான கேள்வி. ராட்டினமோ சறுக்கோ இல்லாத இடத்தைத் தீம் பார்க் என்று விளம்பரம் செய்தால் குழந்தை ஏமாறத்தான் செய்யும். இது பத்து ஏக்கரில் வீடுகள் நிற்கிற அருங்காட்சியகம். தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம், ஆந்திரப் பகுதிகளின் பழைய வீடுகள் தெருத்தெருவாக இருக்கின்றன. 1984-இல் டெபோரா தியாகராஜன் தொடங்கிய மெட்ராஸ் கிராஃப்ட் ஃபவுண்டேஷன் இதை நடத்துகிறது. மக்களுக்குத் திறந்தது 1996 டிசம்பரில். ஆரம்ப வடிவமைப்பு கட்டடக் கலைஞர் லாரி பேக்கருடையது. செவ்வாய்க்கிழமை விடுமுறை, அதை மட்டும் பார்த்துக்கொண்டு கிளம்புங்கள்.

பெரியவளுக்குப் பன்னிரண்டு வயது. போன வருடம் பள்ளியிலிருந்து பல்லாரட்டில் இருக்கும் சாவரின் ஹில்லுக்குப் போய் வந்தாள். 1850-களின் தங்க வேட்டைக் காலத்து ஊரை அங்கே திரும்பக் கட்டி, பழைய உடை போட்டவர்களை நடமாட விட்டிருக்கிறார்கள். ஓடையில் தட்டை வைத்து அலசித் தங்கத் துகள் தேடலாம். ‘இது நம்ம ஊர் சாவரின் ஹில்லா?’ என்று அவள் கேட்டதும் வழிகாட்டி நின்றுவிட்டார். அது என்ன இடம், அங்கே வீடுகளை எப்படிச் செய்திருக்கிறார்கள் என்று முதலில் அவளையே சொல்ல வைத்தார். அப்புறம் சொன்னார்: இங்கே நீ பார்க்கிற வீடுகள் பலவும் எங்கேயோ ஆட்கள் குடியிருந்த நிஜ வீடுகள். இடித்து விற்கப் போகும்போது வாங்கி, தூணுக்கும் உத்தரத்துக்கும் எண் போட்டுப் பிரித்து, லாரியில் ஏற்றி, தச்சர்களை வைத்து மறுபடி கோத்து நிறுத்தியவை. அதற்குப் பிறகு பெரியவள் ஒவ்வொரு தூணிலும் எண்ணைத் தேட ஆரம்பித்தாள்.

செட்டிநாட்டு வீட்டு வாசலில் பினாங்கு அம்மா வெகுநேரம் நின்றார். பர்மாத் தேக்கு, ஆத்தங்குடித் தரைக்கல், முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த சுண்ணாம்புச் சுவர் என்று செட்டிநாட்டு வீடுகளைப் பற்றி வழிகாட்டி சொல்லிக்கொண்டிருந்தார். அந்த அம்மா மெதுவாக, ‘எங்க தாத்தா பினாங்கு கிட்டங்கியில கணக்கப்பிள்ளையா இருந்தவரு. இந்த மாதிரி வீட்டுக்குப் பணம் அனுப்பின கணக்கெல்லாம் அவர் கையெழுத்துதான்’ என்றார். கிட்டங்கி என்றால் செட்டியார்கள் கொடுக்கல் வாங்கல் நடத்திய இடம் என்று வழிகாட்டி கோவைப் பிள்ளைகளுக்கு விளக்கினார். கடல் தாண்டிப் போய்ச் சம்பாதித்த பணம் ஊரில் வீடாக எழுந்ததும், பிறகு பிள்ளைகள் வெளியே போய்விட, பார்க்க ஆளில்லாமல் அதே வீடுகளைத் தூண் தூணாகக் கழற்றி விற்றதும் ஒரே கதைதான். மெல்போர்னில் வீட்டுக் கடன் கட்டிக்கொண்டிருக்கிற எனக்கு அந்த இடத்தில் தொண்டை அடைத்தது.

ஆனால் அன்றைய நாளை மாற்றியது விவசாயி வீடுதான். அம்மாவுக்கு மடக்கு ஸ்டூல் கொண்டு போயிருந்தோம். பழைய வீடுகளின் நிலைப்படி உயரம். ஒவ்வொன்றிலும் ஏறி இறங்க அவரால் முடியாது, அதனால் திண்ணை கண்ட இடத்தில் உட்கார்ந்துகொள்வார். அங்கே உட்கார்ந்தபடியே, உள்ளே இருந்த உரலைப் பார்த்துவிட்டு அம்மா ஏதோ முணுமுணுத்தார். வழிகாட்டி காதில் அது விழுந்தது. ‘அம்மா, நீங்க சொல்லுங்க, நான் படிச்சதைத்தான் சொல்வேன்’ என்று கழுத்தில் மாட்டியிருந்த சின்ன மைக்கைக் கழற்றி அம்மா கையில் கொடுத்துவிட்டார்.

அம்மா மன்னார்குடிப் பக்கம் பிறந்து வளர்ந்தவர். முதலில் கூச்சப்பட்டார். அப்புறம் பேச ஆரம்பித்தவர் இருபது நிமிடம் நிறுத்தவில்லை. மழை பெய்தால் முற்றத்தில் அண்டாவை வைத்துத் தண்ணீர் பிடிப்பது. இரண்டு பேர் எதிரெதிரே நின்று மாற்றி மாற்றி உலக்கை போடுவது, கை தப்பினால் என்ன ஆகும் என்பது. பூனைக்கு எட்டாமல் தயிர்ச் சட்டியை உறியில் தொங்க விடுவது. பத்தாயத்துக்குள் இறங்கி நெல் அள்ளச் சின்னப் பிள்ளைகளைத்தான் இறக்குவார்கள் என்றும், உள்ளே இருட்டில் நெல் வாசனை மூக்கை அடைக்கும் என்றும் சொன்னார். அண்ணன் மகன், ‘அப்பாயி, நீ உள்ள இறங்கியிருக்கியா?’ என்று கேட்டான். ‘நான்தான்டா இறங்குவேன், நான்தான் கடைக்குட்டி’ என்றார். எனக்கு நாற்பத்து மூன்று வயதாகிறது. இந்தக் கதையை நான் அன்றைக்குத்தான் முதல்முறை கேட்டேன். பிறகு கேரள வீட்டின் மர நெல்லறையைப் பார்த்தபோது, விளக்கம் வரும் முன்பே பிள்ளைகள் ‘பத்தாயம்!’ என்று கத்தினார்கள்.

வழிகாட்டி என்றால் நிறையத் தெரிந்தவர் என்று நினைத்திருந்தேன். இந்தப் பெண்ணுக்கும் நிறையத் தெரியும். ஆனால் கூட்டத்தில் யாருக்கு அது சொந்த அனுபவம் என்று கண்டுபிடித்து, அவரைப் பேசவிட்டுத் தான் பின்னால் நின்றார் பாருங்கள், அதற்குத்தான் நான் கூடுதலாகப் பணம் கொடுப்பேன்.

மகனின் கோபம் குயவர் சக்கரத்தில் கரைந்தது. களிமண் உருண்டைக்குள் கட்டைவிரலை அழுத்தியதும் அது வாய் திறப்பதைப் பார்த்து அப்படியே உட்கார்ந்துவிட்டான். கோணலாக ஒரு சின்னச் சட்டி வந்தது. நெசவாளர் வீட்டில் காஞ்சிபுரம் கோர்வை பற்றிக் கேட்டோம். உடலும் கரையும் வேறு வேறு நிறமாக இருக்கும் புடவையில், கரைக்குத் தனி நாடா (குறுக்கு நூலைக் கொண்டு போகும் கட்டை) ஓட்ட வேண்டும், அதற்குத் தறியில் இன்னொரு ஆள் வேண்டும். என் கல்யாணப் புடவை கோர்வைதான். இரண்டு பேர் உட்கார்ந்து நெய்தது என்று இத்தனை வருடம் எனக்குத் தெரியாது. வெயில் ஏறியதும் அம்மாவும் பெரியவளும் திண்ணையில் பல்லாங்குழி ஆட உட்கார்ந்தார்கள். குழியில் நான்கு சேர்ந்தால் ‘பசு’ என்று எடுத்துக்கொள்ள வேண்டும். அவளுக்கு அந்தச் சொல் பிடித்துப்போய் மாலைவரை எதற்கெடுத்தாலும் பசு பசு என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

பணம் பற்றி ஒரு சொல். கடைகளில் எங்கும் யுபிஐதான். 2023 முதல் ஆஸ்திரேலியா உட்படச் சில நாடுகளின் கைபேசி எண்ணோடு இருக்கும், வெளிநாட்டில் வாழ்கிறவர்கள் இந்திய வங்கிகளில் வைத்திருக்கும் என்ஆர்இ, என்ஆர்ஓ கணக்குகளுக்கும் யுபிஐ அனுமதி உண்டு. உங்கள் வங்கி அதற்கு வழி செய்திருக்கிறதா என்று கிளம்பும் முன்பே கேட்டு வையுங்கள். என் கணவர் செய்து வைத்திருந்ததால் அண்ணனிடம் ஒவ்வொரு முறையும் கை நீட்ட வேண்டியிருக்கவில்லை.

மாமல்லபுரம் போய்ச் சேர நாலேகால். ஓசிஐ அட்டை எதற்கு என்பது அங்கேதான் தெரிந்தது. தொல்லியல் துறையின் நுழைவுச்சீட்டு இந்தியர்களுக்கு 40 ரூபாய், வெளிநாட்டவருக்கு 600. நினைவுச்சின்னங்களின் கட்டணத்தில் ஓசிஐ அட்டை வைத்திருப்பவர்களை இந்தியக் குடிமக்களுக்குச் சமமாக நடத்த வேண்டும் என்று 2021 மார்ச்சில் உள்துறை அமைச்சகம் அறிவிக்கை வெளியிட்டிருக்கிறது. 15 வயதுக்குள் இருக்கும் குழந்தைகளுக்குக் கட்டணமே கிடையாது. பயண நிறுவனமோ எங்கள் நான்கு பேருக்கும் முன்கூட்டியே தலைக்கு 600 வசூலித்திருந்தது. வழிகாட்டி எங்களைக் கவுன்டருக்கு அழைத்துப் போய் அட்டையைக் காட்டச் சொன்னார். இரண்டு பேருக்கு 80 ரூபாய், அவ்வளவுதான். ‘ரசீதை வச்சுக்கங்க அக்கா, மிச்சத்தைக் கேட்டு வாங்குங்க’ என்றார். தன் வேலைக்குச் சங்கடம் வரலாம் என்று தெரிந்தே சொன்னார்.

ஐந்து ரதங்களில் திரௌபதி ரதம் முன்னால் நின்றபோது மகன், ‘இது கூரை வீடு’ என்றான். அதேதான். ஓலைக் குடிசையின் வடிவத்தை, வளைந்து இறங்கும் கூரையோடு, ஒரே பாறையில் செதுக்கியிருக்கிறார்கள். ஏழாம் நூற்றாண்டு பல்லவச் சிற்பிக்கு வீடு என்றால் மரமும் ஓலையும். அதைத்தான் அவர் கல்லில் செய்து பார்த்தார் என்று வழிகாட்டி சொன்னார். காலையில் நிஜ வீடுகளைப் பார்க்காமல் வந்திருந்தால் அவன் யானைச் சிலையோடு படம் எடுத்துவிட்டுக் கிளம்பியிருப்பான். கடற்கரைக் கோயிலை, மூடும் நேரமான ஆறு மணிக்குள் வேகமாகத்தான் பார்த்தோம். அதற்குத் தனியாக ஒரு விடியற்காலை வர வேண்டும்.

நுழைவுச்சீட்டில் கூடுதலாக வாங்கிய 2,320 ரூபாயும் விட்டுப்போன இடங்களின் கட்டணமும் எட்டு நாள் கழித்து, மூன்று போனுக்குப் பிறகு அண்ணன் கணக்குக்கு வந்தன. ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வடநெம்மேலி முதலைப் பண்ணைக்குக் கூட்டிப் போனார். மகன் வாக்குறுதியை மறக்கவில்லை. சட்டியைச் சுடாததால் மெல்போர்னுக்குக் கொண்டு வர முடியவில்லை, அம்மாவின் பூஜை அலமாரியில் இருக்கிறது.

அன்று பஸ்ஸிலிருந்து இறங்கும்போது வழிகாட்டிப் பெண் அம்மாவின் எண்ணை வாங்கிக்கொண்டார். பழைய வீட்டுப் பொருள்களின் பெயரும் புழக்கமும் ஞாபகம் வரும்போதெல்லாம் குரல் பதிவாக அனுப்ப முடியுமா என்று கேட்டார். அம்மா இப்போது வாரத்துக்கு இரண்டு அனுப்புகிறார், எங்களுக்கும் ஒரு பிரதி வரும். குந்தாணி, மரக்கால், குதிர் எல்லாம் முடிந்துவிட்டன. நேற்று வந்தது திருவை. உளுந்து உடைக்கும் சத்தத்தை வாயாலேயே செய்து காட்டியிருந்தார்.