சீட்டா, கம்பியா? ரெண்டிலும் இருந்து பார்த்தாச்சு

நாலு வருஷம் பக்கவாட்டு ஸ்டாண்டில் உட்கார்ந்து ஃபுட்பால் மேட்ச் பார்த்துவிட்டு, போன சீசன் கோலுக்குப் பின்னால் இருக்கிற கம்பி வைத்த நிற்கும் பகுதிக்கு மாறினேன். இங்கிலாந்து மைதானங்களில் சத்தமே செத்துப்போச்சு என்று எல்லாரும் புலம்புகிறார்கள், நானும் அந்தக் கட்சிதான்.

சீட்டில் ஆட்டம் நன்றாகத் தெரியும், கால் வலிக்காது. சரி, அதில் சண்டையே இல்லை. 1989இல் ஹில்ஸ்பரோ மைதானத்து நெரிசல் 97 உயிர்களைக் குடித்த பிறகு, அதை விசாரித்த டெய்லர் அறிக்கையை வைத்துத்தான் பெரிய கிளப்புகளின் மைதானங்களை முழுக்க சீட்டாக மாற்றினார்கள். அந்தக் காரணத்தையும் குறை சொல்ல மாட்டேன்.

என் கணக்கில் விஷயம் ஒன்றே ஒன்றுதான்: பக்கத்தில் யார் இருக்கிறார்கள்? பாட்டை ஆரம்பிக்க ஒரு ஆள் போதும், ஆனால் இரண்டாவது வரியைப் பிடிக்க நாலு பேர் வேண்டும். சீட்டு நம்பர் அந்த நாலு பேரை நாலு மூலைக்கு அனுப்பிவிடுகிறது. பழைய இடத்தில் ஒருமுறை நானே தொடங்கினேன், முன்வரிசை மொத்தமும் திரும்பிப் பார்த்தது, பாட்டு தொண்டையிலேயே நின்றுவிட்டது. கம்பிப் பகுதிக்கு வருகிறவர்கள் பாடத்தான் வருகிறார்கள். இடுப்பளவு கம்பியைப் பிடித்துக்கொண்டு பின்வரிசைக்காரர் எடுத்துக்கொடுத்தால், வார்த்தை தெரியாதவனும் கூடக் கத்துகிறான்.

இங்கே இங்கிலாந்தில் 2022இலிருந்துதான் மைதானங்களுக்கு உரிமம் கொடுத்து நிற்க விடுகிறார்கள், அதிலும் ஆளுக்கு ஒரு நம்பர் இடம் உண்டு. ஜெர்மனியின் டோர்ட்மண்ட் கிளப் மைதானத்துத் தெற்கு ஸ்டாண்டில் கிட்டத்தட்ட 25,000 பேர் நம்பர் இல்லாமல் நிற்கிறார்கள்; சீக்கிரம் போனால் நம் ஆட்களோடேயே நிற்கலாம். ஒரே ஒரு மேட்ச் பார்த்ததை வைத்துச் சொல்கிறேன், அந்த வித்தியாசம் காதில் கேட்கிறது.

ஆனால் எங்கள் மைதானம் பழசு, கூரை தாழ்வு, சத்தம் அப்படியே திரும்பி வரும். 2012 ஒலிம்பிக்குக்காகக் கட்டிய லண்டன் ஸ்டேடியம் மாதிரி, ஓடுதளத்துக்கு இடம் விட்டதில் ரசிகனும் ஆட்டமும் தள்ளித்தள்ளி இருக்கிற இடத்தில் கம்பி என்ன செய்துவிடும் என்று எனக்குச் சந்தேகம்தான். அப்புறம், சின்னப் பிள்ளையைக் கூட்டிப்போவதாக இருந்தால் யோசிக்கவே வேண்டாம், சீட்டுதான். கம்பிப் பக்கம் போனால் அதற்கு முன்னால் நிற்பவர் முதுகு மட்டும்தான் தெரியும்.