தேன்கனிக்கோட்டைத் தேன்: ஆறு மாதம் வாங்கிப் பார்த்ததில்

தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்தால் எனக்கு நாளைக்கு ஐந்து டீ, ஒவ்வொன்றுக்கும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை. டாக்டர் குறைக்கச் சொன்னார். நான் குறைக்காமல் தேனுக்கு மாறினேன்.

முதல் பாட்டில் ஒகேனக்கல் போய்விட்டு வரும்போது ரோட்டோரம் வாங்கியது. விற்றவர் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டுக் காட்டினார். கரையாமல் அடியில் போய் உட்கார்ந்தது. கெட்டியான சர்க்கரைப் பாகும் அப்படித்தான் உட்காரும் என்பது, வருஷா வருஷம் தீபாவளிக்குப் பாகு காய்ச்சும் எனக்கே அப்போது தோன்றவில்லை. மூன்றாவது வாரம் ராத்திரி அலமாரிக்குள் டப்பென்று ஒரு சத்தம். மூடி தெறித்து, நுரை வழிந்து, கள் வாசனை. துடைத்து முடிக்க விடிந்துவிட்டது.

அப்புறம்தான் தேன்கனிக்கோட்டையில் இந்தச் சின்னக் கடை. ஊர்ப் பேரிலேயே தேன் இருக்கிறது என்று வீட்டுக்காரர் கிண்டல் செய்தார். பாட்டில் வெடித்த கதையைச் சொன்னதும் கடைக்காரர் சிரித்தார். “அது கலப்படமாத்தான் இருக்கணும்னு இல்லக்கா. பச்சைத் தேனா இருக்கும்” என்றார். தேனீ அறைக்கு மெழுகு மூடி போட்ட பிறகு எடுத்தால்தான் தேன் முற்றியிருக்குமாம். அவசரப்பட்டு அடையை அறுத்தால் ஈரம் அதிகமாகிப் புளித்துவிடும். 20 சதவீதத்துக்கு மேல் ஈரம் இருக்கக் கூடாது என்பது அரசாங்க விதி.

இங்கே மலைத்தேன், பெட்டித்தேன் இரண்டும் உண்டு. காய்ச்சுவதில்லை, துணியில் வடிகட்டுவதோடு சரி. நான் பெட்டித்தேன் அரைக்கிலோ வாங்கினேன், 300 ரூபாய். வீட்டில் அரை லிட்டர் பாட்டிலில் ஊற்றினால் முக்கால்கூட நிரம்பவில்லை. ஏமாற்றிவிட்டார் என்று தராசில் வைத்தால் எடை சரியாக இருக்கிறது. தேன் கனம். ஒரு லிட்டர் தேன் கிட்டத்தட்ட 1.4 கிலோ வரும். ஒரு இடத்தில் லிட்டர் விலையும் இன்னொரு இடத்தில் கிலோ விலையும் சொன்னால் அப்படியே ஒப்பிடாதீர்கள்.

மார்கழியில் பாட்டில் அடியில் நெய் மாதிரி உறைந்துவிட்டது. “சர்க்கரைப் பாகைத் தலையில கட்டிட்டான்” என்று அத்தை ஒரு வாரம் புலம்பினார். காய்ச்சாத தேன் குளிரில் உறைவது சகஜம். வெதுவெதுப்பான தண்ணீரில் பாட்டிலை வைத்ததும் இளகியது. அடுப்பில் மட்டும் வைக்காதீர்கள்.

ருசிக்கு வருவோம். தினைமாவில் பிசைந்தால் அபாரம். ராகிக் கஞ்சியிலும் எலுமிச்சை ஜூஸிலும் நன்றாக இருக்கிறது. பால் டீயில் ஊற்றினால் டீயும் கெட்டது, தேனும் கெட்டது. எதற்காக வாங்கினேனோ அதற்கே உதவவில்லை. டாக்டரிடம் பெருமையாகச் சொன்னபோது அவர் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. தேனில் முக்கால் பங்குக்கு மேல் சர்க்கரைதான். ஒரு டீஸ்பூன் தேனில் 21 கலோரி, அதே ஸ்பூன் சர்க்கரையில் 16.

கடையில் எனக்குக் குறை இரண்டு. எந்த மாதம் எடுத்த தேன் என்று பாட்டிலில் எழுதுவதில்லை. மூடியும் ஒழுகுகிறது, பஸ்ஸில் ஒரு புதுப் புடவையே போனது.

ஆனாலும் அங்கேதான் போகிறேன். முதல் நாள் காசு வாங்கும்முன் அவரே, “வீட்ல ஒரு வயசுக்குள்ள குழந்தை இருக்காக்கா? நாக்குல தொட்டுக்கூட வெக்காதீங்க” என்றார். அந்த வயதுக் குழந்தையின் குடலில் தேனிலிருக்கும் கிருமி வளர்ந்து நஞ்சாகிவிடக்கூடும். நாத்தனார் குழந்தைக்குச் சேனை வைக்கவும் சேர்த்துத்தான் அத்தை தேன் கேட்டிருந்தார். நான் விஷயத்தைச் சொன்னதும் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

டீக்கு இப்போது மறுபடியும் சர்க்கரைதான். ஒரு ஸ்பூன், மூன்று டீ.