அம்மாவின் முதல் வருஷப் படையலும் குடியாத்தத்துக் காகிதங்களும்

முன்பெல்லாம் ஊருக்குப் போவதற்கு நான் எந்த ஏற்பாடும் செய்ததில்லை. டொராண்டோவில் டிக்கெட் போட்டதும் அம்மாவுக்கு ஒரு போன், அவ்வளவுதான். மீனம்பாக்கத்துக்குத் தெரிந்த வண்டி அனுப்புவது, கேஸ், பால்காரர், பல் டாக்டரிடம் நேரம் வாங்குவது எல்லாம் குடியாத்தத்தில் உட்கார்ந்தபடியே முடித்துவிடுவாள். ஊரில் எதற்கெடுத்தாலும் அலைச்சல் என்று நண்பர்கள் புலம்பினால் எனக்கு வேடிக்கையாக இருக்கும். அம்மாவின் முதல் வருஷப் படையலுக்கு மகளோடு போன இந்த முறை, எல்லாக் கவுண்டரிலும் நானும் அக்காவும்தான் நின்றோம்.

முதலில் போக்குவரத்து. நள்ளிரவில் சென்னையில் இறங்குகிறவர்கள் யோசிக்காமல் கார் பிடித்து, பெங்களூர் ரோட்டில் பள்ளிகொண்டா வரை வந்து திரும்பிவிடுங்கள். பகலில் என்றால் சென்ட்ரலிலிருந்து காட்பாடி வரை ரயில், அங்கிருந்து பஸ். குடியாத்தத்துக்கே ஸ்டேஷன் உண்டு. ஆனால் அது ஊருக்கு வெளியே இருக்கிறது, எல்லா வண்டியும் நிற்காது.

இறப்புச் சான்றிதழில் சிக்கல் இல்லை. 21 நாளுக்குள் பதிந்தால் கட்டணம் கிடையாது. அக்கா அப்போதே பதிந்துவிட்டதால் இணையத்தில் வேண்டிய பிரதி எடுத்துக்கொண்டோம். வாரிசுச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பம், கட்டணம் 60 ரூபாய். ஓடிபி உள்ளூர் நம்பருக்கு வருகிற மாதிரி கொடுங்கள், இல்லாவிட்டால் அங்கேயே முடங்கிவிடும். மனு வி.ஏ.ஓ. (கிராம நிர்வாக அலுவலர்), ஆர்.ஐ. (வருவாய் ஆய்வாளர்) வழியாகத் தாசில்தாருக்குப் போகிறது. வி.ஏ.ஓ. தெருவுக்கே வந்து விசாரித்தார். எதிர்வீட்டு பாய் வீட்டம்மா அவரை உட்காரவைத்து, டீ கொடுத்து, அம்மாவுக்கு எத்தனை பிள்ளைகள் என்ற கேள்விக்கு அம்மாவின் முழுக் கதையையும் சொன்னார். அவரும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். லஞ்சம் யாரும் கேட்கவில்லை, இதையும் எழுதத்தானே வேண்டும்.

தொல்லை கொடுத்தது பெயரும் பிறந்த தேதியும்தான். ரேஷன் கார்டில் பெயரின் கடைசியில் 'அம்மாள்' உண்டு, ஆதாரில் இல்லை. இனிஷியல் ஒன்றில் தாத்தாவுடையது, இன்னொன்றில் அப்பாவுடையது. பிறந்த வருஷத்துக்கு வீட்டில் ஒரே கணக்குதான்: காமராஜர் குடியாத்தத்தில் நின்ன வருஷம். முதலமைச்சரான பிறகு அவர் இங்கே இடைத்தேர்தலில் நின்று ஜெயித்தது 1954-இல். ஆதார் 1955 என்கிறது. பி.எஃப். அட்டையில் 1957. எல்லாப் பெயரும் ஒருவருடையதே என்று நோட்டரியிடம் பிரமாணப் பத்திரம் வாங்கி இணைத்த பிறகுதான் மனு நகர்ந்தது. அப்பா அம்மா இருக்கிறவர்கள் இந்தத் திருத்தங்களை இப்போதே, அவர்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே செய்துவிடுங்கள்.

அந்த 1957-க்கு அம்மா கொடுத்த விலையைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அவள் பீடி சுற்றியவள். பீடித் தொழிலாளர்களுக்கு பி.எஃப். வந்தது 1977-இல். முழு பென்ஷன் 58 வயது முடிந்தால்தான். அட்டையில் வயது மூன்று குறைந்ததால் மூன்று வருஷம் கூடுதலாகச் சுற்றினாள். கிடைத்தது மாதம் 1000 ரூபாய், 2014-இல் அரசு வைத்த குறைந்தபட்சத் தொகை.

ராத்திரியே இலையை நனைத்து ஈரச் சாக்கில் சுற்றி வைத்துவிடுவாள். விடிந்ததும் தகடு வைத்துக் கத்தரியால் வெட்டுவது. பிறகு மடியில் முறம், முறத்தில் தூள், இடது கையில் இலை. உருட்டி நூல் கட்டி முனையை மடக்குவது ஒரே அசைவில் முடியும். அவள் கண் டிவியில் இருக்கும், இல்லையென்றால் என் கணக்கு நோட்டில் இருக்கும். 25 பீடி ஒரு கட்டு, ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கூலி. கடையில் கணக்குப்பிள்ளை கட்டைப் பிரித்து, மெலிசு, தளர்ச்சி என்று கழித்துப்போடுவார். கழித்ததற்குக் கூலி இல்லை. அம்மா சும்மா வரமாட்டாள், ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டிச் சண்டை போடுவாள். பாதி திரும்ப ஏறும். அந்தக் கூலியில்தான் நான் வேலூரில் படித்தேன், அக்காவுக்குக் கல்யாணம் ஆனது. அலமாரியில் அந்தக் கத்தரி கிடைத்தது. பிடி தேய்ந்து அவள் கட்டைவிரலுக்கு மட்டும் அளவாகியிருந்தது. என் மகள் போட்டுப் பார்த்தாள், சேரவில்லை.

மகளுக்கு ஆயா, அதாவது பாட்டி, என்றால் தினமும் வீடியோவில் "இன்னா கொழம்பு?" என்று கேட்கிறவள். நகரத்து ஸ்டுடியோ ஒன்றில் மாலை போடப் படம் பெரிதாக்கக் கொடுத்தோம். கேட்காமலேயே முகத்தை வெளுத்து, கழுத்துச் சுருக்கத்தை எடுத்து, யாரோ ஒரு டீச்சரம்மாவைப் போல ஆக்கியிருந்தார்கள். "இது எங்க ஆயா இல்லண்ணா, மாத்திக் குடுங்க" என்று மகள்தான் நின்று சாதித்தாள். மறுபடி பிரிண்ட் போட்டதற்கும் காசு வாங்கினார்கள்.

சாப்பாட்டுக்குக் கேட்டரிங் சொன்னதில் எனக்குத் திருப்தி இல்லை. அம்மாவுக்குப் பிடித்தது இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய், கருவாடு போட்ட குழம்பு. காம்பில் முள் குத்துகிற அந்தக் காய்தான் வேண்டும் என்று முன்பணத்தோடு சொல்லியிருந்தோம். வந்தது சாதாரணக் காய். சின்னம்மா ஒரு வாய் வைத்ததும் இலையில் ஓரமாகத் தள்ளிவிட்டார். படையலுக்கு மட்டுமாவது வீட்டில் அடுப்பு மூட்டிவிடுங்கள்.

வங்கியில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன், பேர் வேண்டாம். அக்கா நாமினியாக இருந்தும் வாரிசுச் சான்றிதழ் கொண்டுவரச் சொன்னார்கள். நாமினி இருந்தால் வாரிசு உரிமைப் பத்திரம் கேட்டு அலையவிடக் கூடாது, மனுவும் காகிதங்களும் வந்த 15 நாளுக்குள் முடிக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. அதைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு போய் மேனேஜர் மேஜையில் வைத்ததும் பேச்சு மாறியது, கணக்கும் முடிந்தது.

கடைசியாக பென்ஷன். இறந்த பிறகு ஒரு மாதத் தொகை கணக்கில் ஏறிவிட்டதாம், திருப்பிக் கட்டச் சொன்னார்கள். கட்டி ரசீது வாங்கினோம். வெளியே வரும்போது அக்கா, "அம்மா இருந்திருந்தா, மூணு வருஷம் கழிச்சுட்டீங்களே அத முதல்ல குடுங்கன்னு சண்டைக்கு நின்னிருக்கும்" என்றாள்.