840 யூரோ அனுப்பினேன், 822 போய்ச் சேர்ந்தது

அருப்புக்கோட்டையில் நூல் கடை வைத்திருக்கிறேன். தறிக்காரர்களுக்குக் கடனுக்கு நூல் கொடுத்துவிட்டு வாரக் கடைசியில் வசூலுக்கு அலைகிற தொழில். பணம் கைமாறும்போது வழியில் கொஞ்சம் உதிரும் என்பது எனக்குப் புதிதல்ல. எவ்வளவு உதிரும், யார் கையில் உதிரும் என்று முதலிலேயே கேட்டுக்கொள்வேன். 2025 ஆகஸ்டில் மகளின் ஜெர்மனி வீட்டுக்கு அட்வான்ஸ் அனுப்பியபோது மட்டும் கேட்காமல் விட்டேன். அப்படி விட்டதில் பிறந்ததுதான் இந்த விமர்சனம். மதுரையில் உள்ள ஒரு வங்கியின் அந்நியச் செலாவணிக் கவுன்ட்டரைப் பற்றியது. எந்த வங்கி என்று சொல்லவில்லை. விசாரித்தவரையில் மற்ற வங்கிகளில் அனுப்பியவர்களும் இதே கதையைத்தான் சொல்கிறார்கள்.

மகளுக்கு கெம்னிட்ஸ் நகரத்துத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் முதுகலைக்கு இடம் கிடைத்தது. கார்ல் மார்க்ஸ் ஸ்டாட் என்று ஒரு காலத்தில் பெயர் வைத்திருந்தார்களே, அதே ஊர்தான். மார்க்ஸின் பெரிய தலைச்சிலை இன்னும் அங்கே இருக்கிறது. பஞ்சாலைகள் நிறைந்த ஊராக இருந்ததால் சாக்சனியின் மான்செஸ்டர் என்று பெயர் வாங்கியதாம். நம் கோயம்புத்தூருக்குத் தூரத்துச் சொந்தம். நூல் கடைக்காரன் மகள் போய்ச் சேர நல்ல ஊர்தான் என்று மனசுக்குள் ஒரு சந்தோஷம்.

ஊர் கிடைத்த அளவுக்கு வீடு சுலபமாகக் கிடைக்கவில்லை. முதலில் வந்த விளம்பரத்தில் பளபளவென்று ஒரு ஃபிளாட், நகர மையத்தில், எல்லாச் செலவும் சேர்த்து 300 யூரோ. வீட்டுக்காரர் லண்டனில் இருக்கிறாராம். அட்வான்ஸ் போட்டால் சாவியைக் கூரியரில் அனுப்புவாராம். நம்பிக்கைக்காகத் தன் பாஸ்போர்ட் படத்தையும் அனுப்பியிருந்தார். கேட்காமலே பாஸ்போர்ட்டைக் காட்டுகிறவரிடம் நான் பத்து கோன் நூல்கூடக் கடன் கொடுக்க மாட்டேன். அதோடு, ஜெர்மன் வங்கிக் கணக்கு எண் டி, இ என்ற இரண்டு எழுத்தில் தொடங்கி மொத்தம் 22 இடம் இருக்கும். அவர் கொடுத்தது வேறு ஏதோ நாட்டு எண். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

இரண்டாவதாக அமைந்தது ஒரு பாட்டியம்மாவின் வீடு. மாடியில் ஒரு அறை, ஜன்னலைத் திறந்தால் டிராம் தண்டவாளம். மகளின் கல்லூரி சீனியர் ஒரு பையன் அந்த ஊரிலேயே இருந்தான். அவன் நேரில் போய்ப் பார்த்து, வீடியோவில் குழாயைத் திறந்து காட்டி, பாட்டியின் பெயர் வாசல் அழைப்பு மணியில் இருப்பது வரை படம் எடுத்து அனுப்பினான். அந்த மணிப் படத்தைப் பார்த்த பிறகுதான் பணம் அனுப்பச் சம்மதித்தேன்.

ஜெர்மனியில் வாடகைக்கு இரண்டு கணக்கு. வெறும் அறைக்குக் குளிர் வாடகை. ஹீட்டர், தண்ணீர் எல்லாம் சேர்த்தால் சூடான வாடகை. சூடு, குளிர் என்று அவர்களே அப்படித்தான் சொல்கிறார்கள். எங்களுக்குக் குளிர் 280, சூடு 360. அட்வான்ஸைக் குளிர் வாடகையில்தான் கணக்கிட வேண்டும், மூன்று மாதத்துக்கு மேல் கேட்கக் கூடாது என்று அந்நாட்டு உரிமையியல் சட்டம் 551வது பிரிவில் இருக்கிறது. பாட்டி கேட்டதும் சரியாக மூன்று மாதம், 840 யூரோ. சென்னையில் தம்பி வீட்டுக்குப் பத்து மாத அட்வான்ஸ் கொடுத்துப் பழகிய குடும்பம் நாங்கள். மூன்று மாதம் என்றதும் மறுபேச்சு பேசவில்லை. அதையும் வாடகைக்குப் போகிறவர் மூன்று தவணையாகக் கட்டலாம், முதல் தவணை வாடகை தொடங்கும்போதுதான் என்று அதே பிரிவில் இருப்பதை மகள் பிறகுதான் படித்துச் சொன்னாள். தெரிந்திருந்தாலும் பயனில்லை. முன்பணம் வந்தால்தான் அறையைப் பிடித்து வைப்பேன் என்பது பாட்டியின் பேச்சு. இங்கிருந்து மூன்று தவணை அனுப்பினால் வங்கிச் செலவும் மூன்று தடவை.

எங்கள் ஊர்க் கிளையில் வெளிநாட்டுக்கு அனுப்பும் வசதி இல்லை, மதுரைக்குப் போங்கள் என்றார்கள். பஸ் ஏறிப் போனேன். கவுன்ட்டரில் இருந்த அம்மாவுக்கு இந்த விமர்சனத்தில் ஐந்துக்கு ஐந்து. ஏன் என்று சொல்கிறேன்.

நான் பாஸ்போர்ட் நகல், அனுமதிக் கடிதம், வாடகை ஒப்பந்தம் எல்லாவற்றையும் நீட்டியதும் அவர் முதலில் கேட்ட கேள்வி: "சார், இந்த வருஷம் உங்க பேன் நம்பர்ல ஏற்கெனவே வெளிநாட்டுக்குப் பணம் போயிருக்கா?"

போயிருந்தது. விசாவுக்காக முடக்கக் கணக்கில் 11,904 யூரோ கட்டியிருந்தேன். மாதம் 992 வீதம் ஒரு வருஷத்துக்கான செலவுப் பணம் அது. ரூபாயில் பன்னிரண்டு லட்சத்தைத் தொட்டிருந்தது. படிப்புக்குக் கைப்பணத்திலிருந்து அனுப்பும்போது நிதியாண்டில் பத்து லட்சம் தாண்டினால், தாண்டிய தொகைக்கு அப்போது, 2025ல், 5 சதவீதம் டிசிஎஸ், அதாவது முன்கூட்டியே வசூலிக்கும் வருமான வரி, பிடித்தார்கள். நான் ஏற்கெனவே தாண்டிவிட்டதால் இந்த அட்வான்ஸ் முழுவதுக்கும் பிடிப்பு உண்டு. கிட்டத்தட்ட 4,400 ரூபாய். வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம், தொலைந்து போகிற பணமில்லை. ஆனாலும் அடுத்த வருஷம் வரை அது நம் கையில் இருக்காது.

"வீட்ல மேடம் பேர்ல கணக்கு இருக்கா? அவங்க பேன்ல இன்னும் ஒண்ணும் போகலைன்னா அவங்களே மகளுக்கு அனுப்பலாமே" என்றார்.

இதை அவர் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. என் பெயரிலேயே வாங்கிப் போட்டுவிட்டு அடுத்த டோக்கனைக் கூப்பிட்டிருக்கலாம். மறுநாள் மனைவியையும் அழைத்துக்கொண்டு போனேன். அவள் கணக்குக்கு நெட் பேங்கிங் எல்லாம் கிடையாது, நேரில்தான் கையெழுத்து. "ஏங்க, என் பேர்ல ஒரு சென்ட் நிலம் இல்ல, ஜெர்மனிக்குப் பணம் மட்டும் என் பேர்ல போகுதாக்கும்" என்று கவுன்ட்டரிலேயே சொல்லிவிட்டாள். பேனாவை மூடிக்கொண்டே அந்த அம்மா சிரித்தது இன்னும் கண்ணில் நிற்கிறது.

வெளிநாட்டுக்குப் பணம் அனுப்புவதற்கான ஏ2 படிவம் நிரப்பினோம். பணம் எதற்கு என்பதற்கு ஒரு குறியீடு போட வேண்டும். விடுதிச் செலவும் படிப்புச் செலவில்தான் சேரும், எஸ்0305 என்று அவரே எழுதிக் கொடுத்தார். ஒப்பந்தம் ஜெர்மன் மொழியில் இருந்ததால் மகள் அரைப் பக்கம் ஆங்கிலத்தில் எழுதிக் கையெழுத்திட்டு அனுப்பினாள். பாட்டியின் பெயரில் தலைக்கு மேல் இரண்டு பொட்டு வைத்த யு எழுத்து ஒன்று வருகிறது. நாடு விட்டு நாடு பணம் அனுப்ப வங்கிகள் தங்களுக்குள் அனுப்பிக்கொள்ளும் ஸ்விஃப்ட் செய்தியில் அந்தப் பொட்டு ஏறாது, யு, இ என்று இரண்டு எழுத்தாகப் போட வேண்டும் என்றும் அவரே திருத்தினார். நாங்கள் பொட்டை விட்டுவிட்டு வெறும் யு எழுதியிருந்தோம்.

இனி ரூபாய்க் கணக்கு. அன்று ஆகஸ்ட் 14. இணையத்தில் யூரோ 102 ரூபாயைச் சுற்றி இருந்தது. வங்கி போட்டது 104.20. யூரோவுக்கு இரண்டு ரூபாய் என்றால் சின்னதாகத் தெரியும், 840க்கு ஏறத்தாழ 1,800 ரூபாய். இது ரசீதில் எங்கேயும் கட்டணம் என்று வராது. ரேட்டுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும். நூல் வியாபாரத்திலும் இப்படித்தான், கமிஷன் இல்லை என்கிறவன் எடையில் பார்த்துக்கொள்வான். ஆக 87,528 ரூபாய். நாணயம் மாற்றியதற்கான ஜிஎஸ்டி 158. கமிஷன், ஸ்விஃப்ட் செலவு, அவற்றின் மேல் வரி எல்லாம் சேர்த்து 1,180. மொத்தம் 88,866 ரூபாய் மனைவியின் கணக்கிலிருந்து போனது.

மறுநாள் சுதந்திர தினம், அப்புறம் சனி, ஞாயிறு. பாட்டி தினமும் ஒரு மெயில், பணம் வரவில்லை என்று. ஸ்விஃப்ட் நகல் வாங்கி அனுப்பினோம். கொஞ்சம் அடங்கினார். செவ்வாய்க்கிழமை மகள் போன் செய்தாள்.

"அப்பா, பணம் வந்துருச்சாம். ஆனா 822 தான் வந்திருக்காம்."

ரசீதை எடுத்துத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். 840 என்றுதான் இருக்கிறது. ஸ்விஃப்ட் நகலை எடுத்து வரி வரியாகப் படித்தேன். ஒவ்வொரு வரிக்கும் ஒரு எண். 59ல் பாட்டி பெயர், 70ல் அட்வான்ஸ் என்றும் மகள் பெயரும். அதற்குக் கீழே 71ஏ. அதில் மூன்றே ஆங்கில எழுத்து: ஷா (SHA).

மதுரைக்குப் போன் போட்டேன். அப்போதுதான் விளங்கியது. செலவு யார் தலையில் என்பதற்கு விண்ணப்பத்தில் மூன்று கட்டம் இருக்கிறது. ஆங்கில எழுத்தில் அவர் (OUR), ஷா (SHA), பென் (BEN). 'பென்' என்றால் எல்லாச் செலவும் வாங்குகிறவர் தலையில். 'ஷா' என்றால் இங்கே ஆவது நமக்கு, வழியிலும் அங்கேயும் ஆவது அவர்களுக்கு. 'அவர்' என்றால் மொத்தமும் நம் தலையில், அங்கே முழுத்தொகை போய்ச் சேரும். தமிழில் அவர் என்றால் எதிராளி, ஆங்கிலத்தில் அவர் என்றால் நாம். யார் வைத்த பெயரோ!

நாங்கள் எந்தக் கட்டத்திலும் டிக் போடவில்லை. போடாவிட்டால் ஷா என்று எடுத்துக்கொள்வார்களாம். நம் வங்கியின் யூரோ கணக்கு ஐரோப்பாவில் வேறொரு வங்கியில் இருக்கும். பணம் அங்கே போய், அங்கிருந்து பாட்டியின் வங்கிக்குப் போகிறது. அந்த வழியில் யாரோ 18 யூரோ எடுத்துக்கொண்டார்கள். 'அவர்' போட்டிருந்தால் கூடுதலாக எவ்வளவு என்று கேட்டேன். 1,500 ரூபாய் சுமார் ஆகும் என்றார். 18 யூரோ என்பது 1,870க்கு மேல். பேசாமல் அதைப் போட்டிருக்கலாம்.

வங்கியின் மேல் எனக்கு இருக்கிற குறை இது ஒன்றுதான், ஆனால் சின்னக் குறையில்லை. வாடகை அட்வான்ஸ் என்பது முழுத்தொகையாகப் போய்ச் சேர வேண்டிய பணம். உறவுக்காரருக்கு அனுப்பும் பணம் 18 குறைந்தால் யாரும் கேட்கப் போவதில்லை. இங்கே 18 குறைந்தால் சாவி வராது. ஒப்பந்தத்தைக் கையில் வாங்கிப் பார்த்த பிறகு அந்தக் கட்டத்தைச் சுட்டிக்காட்ட ஒரு நிமிஷம் ஆகுமா? பொட்டு வைத்த யு வரைக்கும் பார்த்தவரின் கண்ணில் அது படவில்லை. கவுன்ட்டர் அம்மாவுக்கு ஐந்து, படிவத்துக்கு ஒன்று. சராசரி போட்டு மூன்று என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பாட்டி தயவு தாட்சண்யம் பார்க்கவில்லை. 840 என்றால் 840. சரி, மீதி 18 யூரோவை அனுப்பலாம் என்று கணக்குப் போட்டேன். 1,876 ரூபாய் பணம், 1,180 செலவு, குறைந்தபட்ச ஜிஎஸ்டி 45. மூவாயிரத்துக்கு மேல். அதையும் ஷாவில் அனுப்பினால் வழியில் 18 யூரோ பிடிப்பார்கள். பாட்டிக்குப் பூஜ்யம்! கடையில் வேலை பார்க்கும் பையன் இதைக் கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான்.

கடைசியில் காப்பாற்றியது அந்தச் சீனியர் பையன்தான். தன் ஜெர்மன் கணக்கிலிருந்து 18 யூரோவைப் பாட்டிக்குப் போட்டுவிட்டான். யூரோ நாடுகளுக்குள் நம் யுபிஐ மாதிரி நொடியில் போகும் வசதி வந்துவிட்டது. அவனுக்கு ஒரு சென்ட்கூடச் செலவில்லை. அரை மணியில் பாட்டியிடமிருந்து மெயில்: அக்டோபர் 1ஆம் தேதி சாவி.

இதே வேலைக்குப் போகிறவர்கள் வீட்டுக்காரர் ஒத்துக்கொண்டால் பிள்ளை போய் அங்கே கணக்குத் திறந்த பிறகு அட்வான்ஸ் கட்டப் பாருங்கள். ஒத்துக்கொள்ளாவிட்டால் 'அவர்' கட்டத்தில் டிக் போட்டுவிட்டு, நகலில் 71ஏ வரியைப் பார்த்துவிட்டு கவுன்ட்டரை விட்டு எழுந்திருங்கள். அட்வான்ஸ் திரும்பி வருவது வீட்டைக் காலி செய்து, ஹீட்டர் கணக்கெல்லாம் முடித்துச் சில மாதம் கழித்து. அதனால் ஊர் திரும்பும் அவசரத்தில் அங்குள்ள கணக்கை மூடிவிடக் கூடாது. மூடினால் அதே பாதையில், அதே ஷா வழியாகப் பணம் இந்தப் பக்கம் வர வேண்டியிருக்கும். அட்வான்ஸுக்கு வட்டியும் உண்டாம், அது வாடகைக்கு இருந்தவருக்குத்தான் சேரும். மாணவர் விடுதியாக இருந்தால் மட்டும் வட்டி தர வேண்டியதில்லை என்று சட்டத்திலேயே விலக்கு இருக்கிறது. எங்களுடையது பாட்டி வீடு, அதனால் வட்டி வரும். எத்தனை சென்ட் என்று பார்க்கலாம்.

சீனியர் பையனிடம் 18 யூரோவைத் திருப்பித் தருகிறேன் என்றாள் மகள். வேண்டாம், சாத்தூர் காராச்சேவு இரண்டு கிலோ கொண்டு வா என்றானாம். பெட்டியில் 23 கிலோதான் அனுமதி. மகள் இரண்டு ஸ்வெட்டரை வெளியே எடுத்து வைத்தாள். குளிர் நாட்டுக்குப் போகிறவள் ஸ்வெட்டரை விட்டுவிட்டுச் சேவு கொண்டு போகிறாளே என்று என் மனைவி விமான நிலையம் வரை புலம்பிக்கொண்டே வந்தாள்.