ஆபீஸ் டேபிள் வாங்கப் போனால் ஸ்கேலோடு போங்கள்

போன வருடம் எங்கள் ஆபீஸை கோவை சரவணம்பட்டியில் ஒரு முதல் மாடிக்கு மாற்றினோம். பன்னிரண்டு பேருக்கு டேபிள் வேண்டும். மூன்று இடத்தில் விலை கேட்டதில் இரண்டு பேர், ஒரு ஆள் உட்காரும் டேபிளுக்கு 9,500 ரூபாய்க்குக் குறைய மாட்டேன் என்றார்கள். மூன்றாமவர் சொந்தப் பட்டறை வைத்துச் செய்து தருபவர். "6,800-க்கு முடிச்சுத் தர்றேங்க, அதே குவாலிட்டி" என்றார். பெயர் வேண்டாம். இந்தத் தொழிலில் இப்படி ஒருவர் மட்டும் இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

பட்டறையில் ஒரு மாடல் டேபிள் நின்றது. அதன் மேல் ஏறி நின்றே காட்டினார். அசையவில்லை. குனிந்து அடியில் பார்த்தேன், மேல் பலகையைத் தாங்கிக் குறுக்கே இரண்டு இரும்புப் பைப் போயிற்று. "25 எம்.எம். ப்ரீலாம் போர்டு, ஹெவி டியூட்டி பைப், மாடுலர்ங்க, நாளைக்கு வேற ஆபீஸ் போனா கழட்டி மாட்டிக்கலாம்." ப்ரீலாம் என்றால் மேலே லேமினேட் ஒட்டியே வரும் பார்ட்டிகிள் போர்டு, மரத்தூளை அழுத்திச் செய்த பலகை. எனக்கு அது போதுமானதாக இருந்தது. கொட்டேஷனை வாட்ஸ்அப்பில் அனுப்பினார்: 'மாடுலர் ஒர்க்ஸ்டேஷன் 4 அடிக்கு 2 அடி, ஹெவி டியூட்டி, 12 சீட்'. அவ்வளவுதான். போர்டின் தடிமனும் இல்லை, பைப்பின் கேஜும் (தகட்டின் கனத்தைச் சொல்லும் எண்) இல்லை. ஹெவி டியூட்டி என்பது அளவே இல்லை என்று அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை.

அடுத்த தப்பு முழுக்க என்னுடையது. பில் போட்டால் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. ஆகும், பில் இல்லாமல் வாங்கிக்கொள்ளுங்கள் என்றார். 81,600-க்கு வரி மட்டும் பதினாலாயிரத்துச் சொச்சம். சரி என்று தலையாட்டி 50,000 அட்வான்ஸ் கொடுத்தேன். டேபிள் இறங்கிய அன்று இன்னொரு 25,000. மீதி 6,600-ஐ மட்டும் ஏதோ ஒரு புத்தியில் பிடித்து வைத்தேன்.

டேபிள் வந்த அன்று எல்லாம் அழகாகத்தான் இருந்தது. ஓரத்தைத் தொட்டுப் பார்த்தேன், நல்ல தடிமன். மூன்றாவது வாரம், இரண்டு மானிட்டர் வைத்து வேலை செய்கிற பெண் கூப்பிட்டாள். "அண்ணா, பேனா நிக்கவே மாட்டேங்குது." ஓரத்தில் வைத்த பேனா தானாக உருண்டு டேபிளின் நடுவுக்குப் போய் நின்றது. நூல் பிடித்துப் பார்த்தால் நடுவில் விரல் நுழைகிற அளவுக்குத் தொய்வு.

ஒயர் போவதற்கு மேல் பலகையில் வட்ட ஓட்டை போட்டு பிளாஸ்டிக் மூடி மாட்டியிருப்பார்கள். அந்த மூடியைக் கழற்றி ஓட்டைக்குள் ஸ்கேலை விட்டேன். 18 எம்.எம். ஆனால் ஓரத்தில் அளந்தால் 25. குழம்பிப் போய்த் தரையில் படுத்து அடியைப் பார்த்த பிறகுதான் புரிந்தது. 18 எம்.எம். பலகையின் விளிம்பில் மட்டும் சுற்றிலும் ஏழு எம்.எம். பட்டையை ஒட்டி, அதற்கு மேல் எட்ஜ் பேண்டை (ஓரத்தை மூடும் மெல்லிய பட்டையை) இழுத்து ஒட்டியிருக்கிறார். முன்னால் நின்று பார்க்கிறவனுக்கு அது 25 எம்.எம். டேபிள்தான். விளிம்பைத் தடிமனாகக் காட்டுவது தச்சு வேலையில் பழைய முறைதான், அதை மறைத்து விற்பதுதான் திருட்டு.

ஏழு எம்.எம்.தானே என்று தோன்றும். பலகை வளையாமல் நிற்பது தடிமன் × தடிமன் × தடிமன் என்ற கணக்கில் மாறும். கணக்குப் போட்டால் 25 எம்.எம். பலகை 18-ஐவிட இரண்டரை மடங்குக்கும் மேல் விறைப்பு. அதோடு பார்ட்டிகிள் போர்டு ஒரே நாளில் வளையாது. பாரம் ஒரே இடத்தில் கிடந்தால் வாரக்கணக்கில் மெல்ல மெல்ல இறங்கும். மாடலில் நான் பார்த்த இரண்டு குறுக்குப் பைப்பும் எங்கள் டேபிளில் இல்லை. இருந்திருந்தால் 18 எம்.எம். கூடத் தாங்கியிருக்கும்.

சந்தேகம் வந்தபின் விடுவேனா? கால் பைப்பின் அடியில் இருந்த பிளாஸ்டிக் புஷ்ஷைப் பிடுங்கினேன். கோவையில் லேத் இல்லாத தெரு ஏது, கீழே ஒரு பட்டறைக்குப் போய் கனம் அளக்கிற வெர்னியர் ஒன்றை வாங்கி வந்தேன். 0.9 எம்.எம். அதாவது 20 கேஜ். மற்ற இரண்டு பேரும் விலை சொன்னது 16 கேஜுக்கு, 1.6 எம்.எம். 40-க்கு 40 எம்.எம். சதுரப் பைப்பில் 16 கேஜ் மீட்டருக்குக் கிட்டத்தட்ட 1.9 கிலோ வரும், 20 கேஜ் 1.1 கிலோதான். இரும்பில் மட்டும் பாதிக்குப் பக்கம் மிச்சம் பிடித்திருக்கிறார். பவுடர் கோட்டிங் அடித்த பிறகு வெளியில் இருந்து பார்த்தால் யாருக்கும் தெரியாது. தட்டிப் பார்த்தால் தெரியும், தகர டப்பா மாதிரி சத்தம் வரும்.

மாடுலர் என்ற கதை இன்னும் மோசம். ஒரு வரிசையைச் சன்னல் பக்கம் நகர்த்தலாம் என்று பலகையைக் கழற்றினோம். பார்ட்டிகிள் போர்டுக்குள் நேரடியாக மர ஸ்க்ரூ முடுக்கியிருந்தார்கள். கழற்றும்போது தூளாகக் கொட்டியது, திரும்ப முடுக்கினால் பிடிப்பே இல்லாமல் சுற்றுகிறது. கழற்றி மாட்டுகிற டேபிள் என்றால் பலகைக்குள் மரையுள்ள இரும்பு நட்டைப் பதித்து போல்ட் போட வேண்டும். அதுவும் போகட்டும், பக்கத்துப் பக்கத்து டேபிள் இரண்டுக்கும் நடுவில் ஒரே கால். ஒன்றைப் பிரித்தால் இன்னொன்று நொண்டி.

போன் செய்தேன். "நீங்க லோடு ஜாஸ்தி வெச்சுட்டீங்க சார்." இரண்டு மானிட்டரும் ஒரு தண்ணி பாட்டிலும் லோடாம். மாடலில் ஏறி நின்றீர்களே என்றேன். "அது ஷோவுக்குச் செஞ்சதுங்க." அதற்குப் பிறகு போனை எடுக்கவில்லை.

தெரிந்த வக்கீல் ஒருவரிடம் போனேன். அவர் கேட்ட முதல் கேள்வி பில் இருக்கிறதா என்பதுதான். அடுத்து, 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் வணிகத்துக்காக வாங்கிய பொருளுக்கு நுகர்வோர் என்று போய் நிற்க முடியாது என்றார். தன் பிழைப்புக்காகத் தானே தொழில் செய்பவருக்கு விலக்கு உண்டு, ஒரு தையல் கடைக்காரரோ தனியாக உட்கார்ந்து டைப் அடிப்பவரோ கேட்கலாம். பன்னிரண்டு பேருக்குச் சம்பளம் கொடுக்கிற எனக்கு அது கஷ்டம். சிவில் வழக்குப் போடலாம், கையில் இருப்பது 'ஹெவி டியூட்டி' என்ற ஒரு வாட்ஸ்அப் செய்தி.

நீங்கள் ஆர்டர் கொடுப்பதாக இருந்தால் கொட்டேஷனில் போர்டின் தடிமனை 'முழுப் பலகைக்கும்' என்று எழுதி வாங்குங்கள். பைப்பின் அளவு, எம்.எம்.-இல் அதன் கனம், குறுக்குப் பைப் எத்தனை, ஸ்க்ரூவா போல்ட்டா, கால் தனியா பொதுவா என்பதெல்லாம் அதில் வர வேண்டும். ஒரே ஒரு டேபிளை முதலில் இறக்கச் சொல்லி, ஒயர் ஓட்டையிலும் கால் பைப்பிலும் அளந்த பிறகு மற்றதற்குச் சொல்லுங்கள். பில்லோடு வாங்குங்கள். மலிவு விலையில் நல்ல டேபிள் செய்யவே முடியாது என்று நான் சொல்லவில்லை. குறுக்குப் பைப் சரியாக இருந்தால் 18 எம்.எம். போர்டிலேயே செய்யலாம், அதைச் சொல்லிச் செய்ய வேண்டும்.

கடைசியில் கணபதி பகுதியில் இருந்து ஒரு வெல்டரை வரவழைத்து ஒவ்வொரு டேபிளுக்கும் அடியில் இரண்டு குறுக்குப் பைப் வைத்தோம். மெல்லிசுப் பைப் என்பதால் வெல்டிங் வைக்கும்போது இரண்டு இடத்தில் ஓட்டையே விழுந்துவிட்டது. "இதுல வெல்டிங் வெக்கறது அப்பளத்துல ஆணி அடிக்கற மாதிரிங்க" என்று திட்டிக்கொண்டே வேலை செய்தார். எல்லாம் சேர்த்து 14,000 ஆனது. நான் மிச்சம் பிடித்த ஜி.எஸ்.டி. அப்படியே போயிற்று. தீபாவளிக்கு முன்னால் பட்டறைக்காரர் தானாகப் போன் செய்தார், அந்த 6,600 எப்போது கிடைக்கும் என்று கேட்க.