லைம் நோய்: பத்து நாள் மாத்திரையா, மாதக்கணக்கில் மூலிகைச் சொட்டா?

அமெரிக்காவின் வடகிழக்கில், கனெக்டிகட், நியூ ஜெர்சி, பென்சில்வேனியா பக்கமெல்லாம், கோடை வந்தால் உண்ணிக்கடிப் பேச்சும் கூடவே வந்துவிடும். மான் உண்ணியின் குஞ்சு கசகசா அளவுதான் இருக்கும். அது முழங்காலுக்குப் பின்னால் ஒன்றரை நாள் ஒட்டிக்கிடந்தால், லைம் நோயைத் தரும் பொரேலியா என்ற சுருள் வடிவ பாக்டீரியா உடம்புக்குள் இறங்கிவிடலாம். டாக்டரிடம் போனால் டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் எழுதித் தருவார். தெரிந்தவர்களிடம் கேட்டால் யாராவது ஒருவர் மூலிகைச் சொட்டு பாட்டிலை நீட்டுவார்.

வட்டமாகச் சிவந்து படரும் தடிப்பு தெரிகிற ஆரம்ப நிலையில் இந்த இரண்டுக்கும் போட்டியே இல்லை என்பது என் கட்சி. டாக்சிசைக்ளின்தான்: 100 மில்லிகிராம் மாத்திரை, காலை ஒன்று, இரவு ஒன்று, 10 நாள். கர்ப்பிணி என்றால் அமாக்சிசிலின், 14 நாள். தொல்லை இல்லாமல் இல்லை: வெயில் பட்டால் தோல் கன்றும், வயிறு குமட்டும், இரும்புச்சத்து மாத்திரையோடு சேர்த்துப் போட்டால் மருந்து சரியாக ஏறாது, தண்ணீர் குடிக்காமல் விழுங்கிவிட்டுப் படுத்தால் உணவுக்குழாய் புண்ணாகும். அவ்வளவையும் சேர்த்தாலும் 10 நாள் சங்கடம்தான்.

அப்படியானால் "மூலிகையிலேயே எனக்குச் சரியாகிவிட்டது" என்பவர்கள் பொய் சொல்கிறார்களா? இல்லை. அந்தத் தடிப்பு எந்த மருந்தும் எடுக்காவிட்டாலும் சில வாரங்களில் தானாகவே மறைந்துவிடும். மறைந்த நேரத்தில் எதைக் குடித்துக்கொண்டிருந்தோமோ அதற்குப் பெயர் கிடைத்துவிடுகிறது. கிருமி மட்டும் உள்ளேயே இருந்து, சில மாதம் கழித்து முழங்காலை வீங்கவைக்கும். சிலருக்கு முகம் ஒரு பக்கம் கோணும், இதயத் துடிப்பே தடுமாறும்.

சரி, மூலிகைகளுக்குள்ளேயே எது தேறும்? அமெரிக்காவில் பிரபலமான கூட்டு மூன்று செடிகள்: அமேசான் காட்டின் பூனைநகக் கொடி, ஜப்பானிய நாட்வீட், அப்புறம் நம்ம ஊர் நிலவேம்பு. 2020இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் பல மூலிகைச் சாறுகளைச் சோதனைக் குழாயில் பொரேலியாவோடு மோதவிட்டார்கள். முதலிடம் பிடித்தது இந்த மூன்றில் எதுவும் இல்லை. கானாவில் மலேரியாவுக்குக் கொடுக்கும் கிரிப்டோலெப்பிஸ் வேர். 1 சதவீதச் சாறு போட்ட குழாயில் கிருமி மறுபடி முளைக்கவே இல்லை. நாட்வீட், பூனைநகம், கருப்பு வால்நட் ஆகியவையும் வேலை செய்தன. நிலவேம்புக்கும் வெள்ளித் துகள் கரைசலுக்கும் ஏறக்குறைய பூஜ்யம். நிலவேம்பின் மேல் நமக்கு இருக்கிற பாசத்துக்கு இது கொஞ்சம் கசப்பான செய்திதான்.

ஆனால் அந்த 1 சதவீதத்தைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். பெரியவர் ஒருவர் உடம்பில் ஏறக்குறைய 5 லிட்டர் ரத்தம். அதில் 1 சதவீதம் என்றால் 50 மில்லி சாறு, குடலிலும் ஈரலிலும் சிதையாமல் அப்படியே ரத்தத்தில் நிற்க வேண்டும். நாக்கில் விடும் முப்பது நாற்பது சொட்டு எந்த மூலைக்கு? எந்த மூலிகையும் மனிதர்களிடம் லைமைக் குணப்படுத்தும் என்று நிரூபித்த சோதனை ஒன்றுகூட இல்லை.

மூலிகைக்காரர்களிடம் எனக்குப் பிடிக்காதது இன்னொன்று. டாக்சிசைக்ளின் தொடங்கிய முதல் நாளில் கிருமி சாவதால் சிலருக்குக் குளிர் காய்ச்சல் வரும், ஒரு நாளில் அடங்கும்; அது உண்மை. அதையே இழுத்து, சொட்டு மருந்து குடித்து வாரக்கணக்கில் தலைவலித்தாலும் "கிருமி சாகிறது, நல்லதுதான்" என்கிறார்கள். பக்கவிளைவையே சான்றாக்கிவிட்டால் எப்போது நிறுத்துவது?

மாத்திரை முடித்த பிறகும் சிலருக்கு அசதியும் மூட்டுவலியும் மாதக்கணக்கில் நீள்கின்றன. அவர்களுடைய கோபம் நியாயமானது; பெரும்பாலும் அவர்கள்தான் மூலிகைப் பக்கம் போகிறார்கள். ஆன்டிபயாடிக்கை நீட்டுவதும் அங்கே விடையில்லை: 2001இல் அமெரிக்காவிலும் 2016இல் நெதர்லாந்திலும் வந்த சோதனை முடிவுகளில், நீண்டகால ஆன்டிபயாடிக், மருந்தே இல்லாத வெற்று மாத்திரையைவிடப் பெரிதாக உதவவில்லை. ஆக இந்தக் கட்டத்தில் இரண்டு பக்கமும் கை வெறுமைதான். வலியைக் குறைக்க மூலிகை எடுப்பதென்றால் டாக்டரிடம் சொல்லிவிட்டு எடுங்கள். நாட்வீட் ரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்தோடு மோதலாம், ஆர்ட்டிமிசியா என்ற இன்னொரு மூலிகை சிலருக்கு ஈரலைக் கெடுத்திருக்கிறது, நிலவேம்பு கடும் ஒவ்வாமை தரக்கூடும் என்று ஆஸ்திரேலிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே எச்சரித்திருக்கிறது. வெள்ளிக் கரைசல் தோலை நிரந்தரமாகச் சாம்பல் நீலமாக்கும். அதைப் பட்டியலிலேயே சேர்க்க வேண்டாம்.

கடித்து ஒட்டியிருந்த மான் உண்ணியைப் பிடுங்கி இன்னும் 72 மணி நேரம் ஆகவில்லையா? தடிப்பு வரட்டும் என்று காத்திருக்காமல் டாக்டரைக் கேளுங்கள். நோய் வராமல் தடுக்க 200 மில்லிகிராம் டாக்சிசைக்ளின் ஒரே வேளை கொடுப்பதுண்டு. அதற்கு ஈடாக மூலிகைப் பக்கத்தில் நிறுத்த ஆளே இல்லை.